பில்லி எலியட் நாடகமும் அதைப் பார்க்க வந்த கூட்டமும்

நாவலைப் படமாக எடுப்பது பழைய வழக்கம். வெற்றி பெற்ற ஒரு படத்தை எடுத்து, அதில் பாட்டு சேர்த்து, மேடையில் இசை நாடகமாகப் போடுவது கொஞ்சம் விபரீதமான வேலை. காரணம், வருகிற கூட்டத்துக்குக் கதை முழுவதும் தெரியும். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கைக்குட்டையை எடுக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்.

இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். 1961-ல் ஆட்ரி ஹெப்பர்ன் நடித்து வந்த 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்தை நியூயார்க்கின் பிராட்வேயில் இசை நாடகமாக்க, 1966-ல் டேவிட் மெர்ரிக் என்ற பெரிய தயாரிப்பாளர் முயன்றார். முன்பதிவு அமோகம். ஆனால் நாலே நாலு முன்னோட்டக் காட்சிகள்தான் நடந்தன. அதற்குள் அரங்கத்தின் மனநிலை மெர்ரிக்குக்குப் புரிந்துவிட்டது. முறையான திறப்பு நாளுக்குக்கூடக் காத்திருக்காமல் டிசம்பர் 14-ம் தேதி இழுத்து மூடினார். பொதுமக்களை இப்படி ஒரு சலிப்பான மாலைக்கு ஆளாக்குவதைவிட மூடிவிடுவது மேல் என்று பத்திரிகையில் அவரே விளம்பரமும் கொடுத்தார்! நேர்மாறான கதையும் உண்டு. 1997-ல் 'தி லயன் கிங்' மேடையேறியபோது, படத்தை அப்படியே நகலெடுக்காமல் முகமூடிகளையும் பொம்மைகளையும் வைத்து ஜூலி டெய்மர் வேறொரு உலகத்தையே உண்டாக்கினார். கூட்டம் அலைமோதியது.

ஆக, படம் மேடைக்கு வரும்போது அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் நாடகத்தில் பாதி. இதற்கு 'பில்லி எலியட்' நாடகத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஒரே நாடகம், ஏறக்குறைய ஒரே வசனம், ஒரே பாட்டு. ஆனால் லண்டனில் 2005-ல் இருந்த கூட்டம் வேறு, நியூயார்க்கில் 2008-ல் இருந்த கூட்டம் வேறு, மார்கரெட் தாட்சர் இறந்த அன்று ராத்திரி இருந்த கூட்டம் வேறு, புடாபெஸ்ட்டில் 2018-ல் வராமல் போன கூட்டம் வேறு. ஒவ்வொரு இடத்திலும் நாடகத்தின் அர்த்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

முதலில் கதை. படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில், ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். வருடம் 1984. பில்லிக்குப் பதினோரு வயது. அம்மா இல்லை. அப்பாவும் அண்ணனும் சுரங்கத் தொழிலாளர்கள், வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். பையனைக் குத்துச்சண்டை கற்றுக்கொள்ள அனுப்பினால், அவன் அதே கூடத்தில் நடக்கும் பெண்பிள்ளைகளின் பாலே வகுப்பில் போய் நிற்கிறான். அப்பாவுக்குத் தெரிந்ததும் வீடு ரணகளமாகிறது. பாலே என்பது ஆண்பிள்ளை செய்கிற வேலையா? கடைசியில் அதே அப்பா மகனை லண்டனில் உள்ள ராயல் பாலே பள்ளிக்கு அழைத்துப் போகிறார். அவ்வளவுதான் கதை.

லீ ஹால் எழுதி, ஸ்டீஃபன் டால்ட்ரி இயக்கிய படம் இது. டால்ட்ரிக்கு முதல் முழுநீளப் படம். அதற்கு முன் அவர் நாடக இயக்குநர். 2000-ம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அங்கே வந்திருந்த பார்வையாளர்களில் ஒருவர் எல்டன் ஜான். படம் முடிந்தபோது அவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார், எழுந்து நடக்கவே மற்றவர்கள் உதவ வேண்டியிருந்தது என்பது பிரபலமான செய்தி. அவருக்கும் அவர் அப்பாவுக்கும் இருந்த உறவு அப்படி. மகனின் இசையை மனதார ஏற்றுக்கொள்ளாத அப்பா அவருடையவர். திரையில் ஒரு சுரங்கத் தொழிலாளி தன் மகனுக்காக மாறுவதைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை. இதை நாடகமாக்கலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. ஒருவிதத்தில் இந்த நாடகமே ஒரு பார்வையாளரின் கண்ணீரிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம்.

இசை எல்டன் ஜான், பாடல் வரிகளும் வசனமும் லீ ஹால், இயக்கம் டால்ட்ரி, நடன அமைப்பு பீட்டர் டார்லிங். எல்டன் ஜானைத் தவிர மற்ற மூவரும் படத்தில் வேலை செய்தவர்கள். ஆனால் அவர்கள் படத்தையே திருப்பி எடுத்து மேடையில் வைக்கவில்லை. மூன்று பெரிய மாற்றங்கள் செய்தார்கள். இந்த மூன்றையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாக் கூத்துக்கும் காரணம் இவைதான்.

படத்தில் வேலைநிறுத்தம் பின்னணி. பில்லி தெருவில் ஆடிக்கொண்டு போவான், பின்னால் போலீஸ் வரிசையாக நிற்கும். ஒரு சிறுமி தன் கையில் உள்ள குச்சியைச் சுவரில் உரசிக்கொண்டே போய், அப்படியே போலீஸ் கேடயங்களின் மீதும் உரசிக்கொண்டு போவாள். அழகான காட்சி. ஆனால் நம் கண் பையன் மேல்தான் இருக்கும். மேடையில் முதல் காட்சியே சுரங்கங்கள் நாட்டுடைமையான 1947-ம் வருடத்துச் செய்திப்படத்தோடு ஆரம்பிக்கிறது. பிறகு தொழிலாளர்களின் கூட்டுப்பாட்டு. பாலே வகுப்பும் போலீஸ்-தொழிலாளர் மோதலும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி வருகிற ஒரு நீண்ட நடனம் இருக்கிறது. குழந்தைகள் கால் தூக்குகிற இடைவெளியில் போலீஸ்காரர்கள் தடியோடு நுழைகிறார்கள். இங்கே வேலைநிறுத்தம் பின்னணியில் நிற்க மறுக்கிறது.

இரண்டாவது மாற்றம், பணம். படத்தில் லண்டன் போகப் பணமில்லாமல் அப்பா இறந்துபோன மனைவியின் நகைகளை அடகு வைக்கிறார். மேடையில் ஊரே சில்லறை சேர்க்கிறது. ஒன்பது மாதமாகச் சம்பளமில்லாதவர்கள் காசு போடுகிறார்கள். போதவில்லை. அப்போது ஒரு கருங்காலி, அதாவது வேலைநிறுத்தத்தை உடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஒருவன், கட்டுப் பணத்தோடு வந்து நிற்கிறான். வாங்குவதா வேண்டாமா? பில்லியின் அண்ணன் கொதிக்கிறான். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. பணம் வாங்கப்படுகிறது. ஒரு தொழிற்சங்க ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை என்பது அந்த வரலாறு தெரிந்தவர்களுக்குத்தான் உறைக்கும்.

மூன்றாவது, முடிவு. படத்தின் கடைசியில் பில்லி வளர்ந்து பெரிய நடனக் கலைஞனாகி மேடையில் பாய்கிறான், அப்பா இருக்கையில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். பார்ப்பவர்கள் நிறைவாக எழுந்து போகலாம். நாடகத்தில் அந்தக் காட்சி கிடையாது. வளர்ந்த பில்லி நடுவில் ஒரு கனவில் மட்டும் வருகிறான். கடைசியில் வேலைநிறுத்தம் தோற்கிறது. ஆண்கள் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள், தலைக்கவச விளக்குகள் நேராக அரங்கத்தின் முகத்தில் அடிக்கின்றன. பில்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வெளியே போகிறான். அவன் ஜெயித்தானா? நாடகம் சொல்லவில்லை. (அதற்குப் பிறகு எல்லோரும், சுரங்கத் தொழிலாளர்கள் உட்பட, பாலே பாவாடை கட்டிக்கொண்டு ஆடுகிற ஒரு கலகலப்பான நிறைவு நடனம் உண்டு. டிக்கெட் வாங்கியவர்களை அழுத முகத்தோடு வீட்டுக்கு அனுப்ப முடியுமா?)

இப்போது நிஜ வரலாறு கொஞ்சம். 1984 மார்ச் மாதம், இருபது சுரங்கங்களை மூடப்போவதாக தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்தது. இருபதாயிரம் பேருக்கு வேலை போகும். ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலான தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போகவில்லை. நாடு முழுவதும் ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தாமலே சங்கம் போராட்டத்துக்குப் போனது என்பது ஸ்கார்கில் மீது கடைசிவரை சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. நாட்டிங்ஹாம்ஷயர் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதைச் சொல்லியே வேலைக்குப் போனார்கள். (இந்த வாக்கெடுப்பு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கைதுகள். ஒரு வருடம் இழுத்து, 1985 மார்ச்சில் எந்த உடன்பாடும் இல்லாமல் போராட்டம் முடிந்தது. பல ஊர்களில் சங்கக் கொடிகளோடும் பாண்டு வாத்தியத்தோடும் ஊர்வலமாகத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். தோற்றவர்களின் ஊர்வலம்.

படம் எடுக்கப்பட்ட ஈசிங்டன் இதையெல்லாம் நேரில் பார்த்த ஊர். 1984 ஆகஸ்டில் வேலைக்குத் திரும்ப விரும்பிய ஒரே ஒரு தொழிலாளியை உள்ளே கொண்டுபோக அங்கே போலீஸ் படையே இறங்கியது. ஊர்க்காரர்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்தது. 1993-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. ஆறு வருடம் கழித்துப் படப்பிடிப்புக் குழு வந்தபோது ஊரில் சுரங்கமே இல்லை.

இனி அரங்கத்துக்குள் போவோம்.

நாடகத்தை முதலில் வடகிழக்கிலேயே, நியூகாசிலில் திறப்பதாகத்தான் திட்டம். அது நடக்கவில்லை. லண்டனின் விக்டோரியா பேலஸ் அரங்கில் 2005 மே 11-ம் தேதி திறப்பு விழா. அதற்கு ஆறு நாள் முன்புதான் டோனி பிளேர் மூன்றாவது முறையாகத் தேர்தலில் ஜெயித்திருந்தார். அவருடைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டு இதே டர்ஹம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்து எட்டு வருடம் ஆகியும் மூடிய சுரங்கங்கள் மூடியபடியே கிடந்தன.

லண்டன் கூட்டம் கொண்டாடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், வேலைநிறுத்தக் காலத்தில் தாட்சர் பக்கம் உறுதியாக நின்ற 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகையின் விமர்சகர்தான், தான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த பிரிட்டிஷ் இசை நாடகம் இதுதான் என்று எழுதினார். அடுத்த வருடம் லாரன்ஸ் ஒலிவியர் விருதுகளில் சிறந்த புதிய இசை நாடகம் இதுதான். சிறந்த நடிகர் விருதை மாறி மாறி பில்லியாக நடித்த மூன்று சிறுவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அப்படியானால் தாட்சரை ஆதரித்தவர்களும் உட்கார்ந்து கைதட்டினார்களா? தட்டினார்கள். நாடகத்தின் சாமர்த்தியமும் அதன் சங்கடமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு சிறுவன் தன் திறமையால் ஊரை விட்டு மேலே போகிறான் என்ற கதை யாருக்குத்தான் பிடிக்காது? தனிமனித முயற்சியைப் போற்றிய தாட்சருக்கே பிடிக்கக்கூடிய கதை அது. ஆனால் அவனை மேலே தூக்கிவிட்டது ஊர் போட்ட சில்லறை. இந்த இரண்டில் எதற்காகக் கைதட்டுகிறோம் என்பதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. லண்டனின் வெஸ்ட் எண்ட் டிக்கெட் விலை கொடுத்துத் தொழிலாளர் தோல்வியைப் பார்த்து அழுதுவிட்டு, டாக்சி பிடித்துப் போகிற கூட்டம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கூட்டம் வேறெந்த வழியிலும் ஒரு சுரங்க ஊரைப் பற்றி மூன்று மணி நேரம் யோசித்திருக்காது என்பதும் உண்மை.

இந்த நாடகத்தில் பார்வையாளர்களை மிகவும் சோதிக்கிற இடம் இடைவேளைக்குப் பிறகு வருகிறது. கிறிஸ்துமஸ் விருந்து. ஊர் மன்றத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். தாட்சருக்கு வாழ்த்துச் சொல்வதுபோல ஒரு பாட்டு. குழந்தைகளும் சேர்ந்து பாடுகிறார்கள். தாட்சரின் பிரம்மாண்டமான பொம்மை ஒன்று மேடைக்குள் நுழைகிறது. பாட்டின் சாரம் இதுதான்: இன்று கொண்டாட வேண்டிய நாள், ஏனென்றால் உன் சாவு ஒரு நாள் பக்கத்தில் வந்துவிட்டது. 2005-ல் தாட்சர் உயிரோடு இருந்தார், வயது எழுபத்தொன்பது. வயதான ஒரு பெண்மணியின் சாவை வைத்துக் கேலிப்பாட்டு பாடுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் அதிகம்.

ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்க விடாமல் அடுத்த நிமிடமே நாடகம் ஒரு காரியம் செய்கிறது. அப்பாவைப் பாடச் சொல்கிறார்கள். அவர் எழுந்து துணைக்கு வாத்தியம்கூட அதிகம் இல்லாமல் பழைய நாட்டுப்பாடல் போல ஒன்றைப் பாடுகிறார். பூமிக்குள் போனவர்களைப் பற்றி, இறந்துபோன மனைவியைப் பற்றி. பாதியிலேயே குரல் உடைகிறது. சற்று முன் சாவைப் பற்றிச் சிரித்த அரங்கம் இப்போது சாவைப் பற்றிய பாட்டைக் கேட்டு வாயடைத்து உட்கார்ந்திருக்கும். இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயல் இல்லை. கேலிப்பாட்டு வெறும் வக்கிரமாகத் தெரியாமல், வேறு ஆயுதம் இல்லாதவர்களின் வயிற்றெரிச்சலாகத் தெரிவதற்கு இந்த இரண்டாவது பாட்டுதான் காரணம்.

2008-ல் நாடகம் அட்லாண்டிக் கடல் தாண்டியது. பிராட்வேயின் இம்பீரியல் அரங்கில் அக்டோபர் 1-ம் தேதி முன்னோட்டக் காட்சிகள் தொடங்கின. நவம்பர் 13-ல் திறப்பு விழா. தேதிகளைப் பாருங்கள். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது செப்டம்பர் 15. நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியில் சாமானை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம். பிராட்வேயில் பல நாடகங்கள் நிறுத்தப்பட்ட பருவம் அது. தயாரிப்பாளர்களுக்கு இருந்த கவலை, அமெரிக்கர்களுக்கு இந்த வேலைநிறுத்தம் புரியுமா என்பது. ஸ்கார்கில் யார், நிலக்கரி வாரியம் என்ன, கருங்காலி மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு என்று அங்கே யாருக்குத் தெரியும்?

தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வேலை போன அப்பா, வருமானம் இல்லாத வீடு, கைவிடப்பட்ட ஊர் என்பதெல்லாம் அந்த மாதத்துச் செய்தித்தாளாகவே இருந்தது. அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தாட்சர் ஒரு பழைய பெயர்தான், பயம் மட்டும் புதுசு. 2009 ஜூன் 1-ம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. ஜூன் 7-ம் தேதி டோனி விருது விழாவில் 'பில்லி எலியட்' சிறந்த இசை நாடகம் உட்படப் பத்து விருதுகளை அள்ளியது. அங்கேயும் சிறந்த நடிகர் விருது மூன்று பில்லிகளுக்குச் சேர்த்துத்தான். ஆனால் லண்டனில் ஓடியதைப்போல அங்கே ஓடவில்லை. 2012 ஜனவரியில், 1,312 காட்சிகளோடு முடிந்தது. சிகாகோவில் நீண்ட காலம் ஓடும் என்று 2010-ல் தொடங்கியது அதே வருடம் நவம்பரில் நின்றது. பொருளாதார நெருக்கடி நாடகத்துக்கு அர்த்தம் கொடுத்தது, ஆனால் டிக்கெட் வாங்கக் காசு கொடுக்கவில்லை!

2013 ஏப்ரல் 8. திங்கட்கிழமை. காலையில் தாட்சர் இறந்துபோனார். எண்பத்தேழு வயது. மாலையில் விக்டோரியா பேலஸில் வழக்கம்போலக் காட்சி இருக்கிறது. எட்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தச் சாவு ஒரு நாள் நெருங்கிவிட்டது என்று பாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது வந்தேவிட்டது. அந்தப் பாட்டை இன்றைக்குப் பாடலாமா?

பாடினால் அநாகரிகம் என்பார்கள். பாடாவிட்டால், இத்தனை நாள் தைரியமாகப் பாடியது எதற்கு என்ற கேள்வி வரும். நாடகக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. முடிவைக் கூட்டத்திடமே விட்டுவிடலாம். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பாட வேண்டாம் என்றவர்கள் மொத்தம் மூன்று பேர். பாட்டு பாடப்பட்டது.

1984-ல் நடக்காத வாக்கெடுப்பைத்தான் இருபத்தொன்பது வருடம் அரசியல்வாதிகள் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது, அதுவும் ஒரு பாட்டுக்காக, ஒரு நாடகக் கொட்டகையில்! இந்த வேடிக்கை அன்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்குமோ.

அந்த மூன்று பேரை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. அன்று டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் யாரும் அரசியல் கூட்டத்துக்கு வரவில்லை. பலர் வாரக்கணக்கில் முன்பதிவு செய்துவிட்டுக் குழந்தைகளோடு நாடகம் பார்க்க வந்தவர்கள். திடீரென்று கையை உயர்த்திக் கருத்துச் சொல்லச் சொன்னால்? முழு அரங்கமும் ஒரு பக்கம் இருக்கும்போது எதிர்த்துக் கை தூக்க ஒரு தைரியம் வேண்டும். மறுபக்கம், அதே வாரத்தில் நாடு முழுவதும் நடந்ததைப் பார்த்தால் இந்த வாக்கெடுப்பு மரியாதையானது என்றே சொல்ல வேண்டும். 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சூனியக்காரி செத்ததைக் கொண்டாடும் பாட்டை ஆட்கள் வேண்டுமென்றே வாங்கிக் குவித்து, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிபிசி வானொலி அதில் சில வினாடிகளை மட்டும் ஒலிபரப்பித் தப்பித்துக்கொண்டது. இறுதிச்சடங்கு நடந்த ஏப்ரல் 17-ம் தேதி கோல்ட்தார்ப் என்ற பழைய சுரங்க ஊரில் தாட்சரின் உருவபொம்மையை எரித்தார்கள். தாட்சர் பதவி விலகி இருபத்திரண்டு வருடம் கழிந்த பிறகும் அவ்வளவு ஆத்திரம்.

அந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருந்ததா என்பதற்கு ஒரு புதிய பதில் 2014 ஜனவரியில் வந்தது. முப்பது வருட விதிப்படி வெளியான அரசாங்க ஆவணங்களில், நிலக்கரி வாரியத் தலைவர் மனதில் இருந்தது இருபது சுரங்கங்கள் இல்லை, மூன்று வருடத்தில் எழுபத்தைந்து என்பது தெரியவந்தது. ஸ்கார்கில் அன்றே இதைச் சொன்னபோது பொய் என்று அரசாங்கம் மறுத்திருந்தது. நாடகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பார்த்தவர்களுக்கு, மேடையில் கத்துகிற அண்ணன் வெறும் முன்கோபியாக மட்டும் தெரிந்திருக்க மாட்டான்.

அதே 2014 செப்டம்பர் 28-ம் தேதி இன்னொரு வேடிக்கை நடந்தது. விக்டோரியா பேலஸில் நடந்த காட்சியை நேரடியாகத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பினார்கள். படமாக இருந்து நாடகமான கதை மறுபடியும் வெள்ளித்திரைக்கே வந்தது! அந்த வார இறுதியில் ஹாலிவுட் படங்களைத் தாண்டி பிரிட்டிஷ் வசூலில் முதலிடம் பிடித்தது. லண்டன் போய்ப் பார்க்க வசதியில்லாதவர்கள் தங்கள் ஊர் தியேட்டரில் சினிமா டிக்கெட் விலையில் பார்த்தார்கள். கடைசி நடனத்தில் பழைய பில்லிகளும் சேர்ந்து இருபத்தைந்து பேர் ஆடினார்கள். மீசை முளைத்த பில்லிகள்.

2015 டிசம்பர் 18-ம் தேதி யார்க்ஷயரில் உள்ள கெலிங்லி சுரங்கம் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் அது. நாலு மாதத்துக்குள், 2016 ஏப்ரல் 9-ம் தேதி, லண்டனில் 'பில்லி எலியட்' முடிந்தது. 4,566 காட்சிகள். அரங்கத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது (புதுப்பித்த பிறகு அங்கே வந்தது 'ஹாமில்டன்'). சுரங்கத் தொழிலை விட நாடகம் நாலு மாதம் அதிகமாக உயிர்வாழ்ந்தது.

அதே 2016-ல்தான் ஊர் ஊராகப் போன சுற்றுப்பயணக் குழு சந்தர்லாந்து எம்பயர் அரங்குக்கு வந்தது. ஈசிங்டனிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். தங்கள் கதை மேடையில் நடப்பதைத் தங்கள் பக்கத்திலேயே பார்க்க அந்த மக்களுக்குப் பதினோரு வருடம் ஆனது. அதற்குள் சிட்னி பார்த்துவிட்டது, சியோல் பார்த்துவிட்டது. லண்டன்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்த வட்டார வழக்கு இங்கே வீட்டுப் பேச்சு. வயதான பலருக்கு அந்தக் கூண்டு நாடக சாமான் இல்லை, தினமும் ஏறி இறங்கியது. ஹெல்மெட் விளக்குகள் அரங்கத்தை நோக்கி எரியும்போது, இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் அதே விளக்கைத் தலையில் மாட்டியவர்களும் இருந்திருப்பார்கள்.

கடைசியாக ஹங்கேரி. அங்கே வந்த பிரச்சினையில் சுரங்கமே கிடையாது.

ஹங்கேரிய அரசு ஆபரா 2016-லிருந்து இந்த நாடகத்தை ஹங்கேரிய மொழியில் போட்டுக்கொண்டிருந்தது. கூட்டமும் நன்றாகவே வந்தது. 2018 கோடைக்கு 44 காட்சிகள் அறிவித்தார்கள். ஜூன் மாதம், அரசாங்கத்துக்கு நெருக்கமான 'மாஜார் இதோக்' என்ற நாளிதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. பையன் பாலே ஆடுவது, அவன் நண்பன் பெண்களின் உடையைப் போட்டுப் பார்ப்பது இதெல்லாம் சிறுவர்களை ஓரினச்சேர்க்கையாளர்களாக மாற்றிவிடும் என்பது அதன் வாதம். ஆபராவின் இயக்குநர் ஒகோவாச் முதலில் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். உலகத்தில் இருக்கும் ஒரு விஷயத்தை மேடையில் காட்டுவது அதைப் பரப்புவது ஆகாது என்றார். ஆனால் பிரச்சாரம் நிற்கவில்லை. டிக்கெட் விற்பனை சரிந்துவிட்டதென்று சொல்லி 15 காட்சிகளை ரத்து செய்தார்கள்.

இத்தனை வருடத்தில் இந்த நாடகத்துக்கு வந்த எதிர்வினைகளிலேயே விநோதமானது இதுதான். லண்டனில் சங்கடப்படுத்திய தாட்சர் பாட்டு புடாபெஸ்ட்டில் யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. தொழிற்சங்கம், போலீஸ், தோற்றுப்போன வேலைநிறுத்தம் பற்றி அந்தக் கட்டுரைக்குக் கவலை கிடையாது. அதன் பயமெல்லாம் பையனின் காலணி மேல்தான். அந்தப் பயம் நாடகத்துக்குப் புதுசும் இல்லை. முதல் பாதியில் பில்லியின் அப்பா சமையலறையில் உட்கார்ந்து கத்துவதும் இதைத்தான். அவருக்கு மனம் மாறப் பாதி நாடகம் தேவைப்பட்டது. பத்திரிகைக்காரர் மிச்சப் பாதியைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

ரத்தானவை போக மீதி 29 காட்சிகள் அட்டவணையில் அப்படியே இருந்தன. எர்கெல் அரங்கில் அந்தக் கோடையில் பில்லி ஆடினான்.